மஞ்சள் கொடுத்துப் பட்டு வாங்கலாமா?

கொள்ளேகால் என்றதும் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மந்திரவாதிகள்தான். பில்லி, சூனியம், ஏவல் எல்லாவற்றுக்கும் தலைமைச் செயலகம் அந்த ஊர்தான் என்று தமிழ்நாட்டில் மட்டுமல்ல, கேரளத்திலும் ஒரு நம்பிக்கை. இரண்டாவதாக நினைவுக்கு வருவது பட்டு. ஒன்றை இன்னொன்றாக மாற்றிக் காட்டுவதுதான் மந்திரம் என்றால், அந்த ஊர் விவசாயிகள் பல ஆண்டுகளாக வேறொரு மந்திரத்துக்கு ஆட்பட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் மஞ்சளைப் போட்டால் கடையில் பட்டாக வந்து நிற்கும். நடுவில் ஒரு கப்பல். இந்த வித்தைக்குப் பொருளாதார நிபுணர்கள் வைத்திருக்கும் பெயர் சர்வதேச வர்த்தகம். வித்தை பலிக்கிறது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. வித்தையின்போது பெட்டிக்குள் படுத்திருப்பவருக்கு என்ன ஆகிறது என்பதில்தான் சண்டை.

ஊரின் கதையிலிருந்தே தொடங்கலாம். கொள்ளேகால் இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1997 வரை மைசூர் மாவட்டம். அதற்கும் முன்பு, 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமையும் வரை, அது கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு தாலுகா. அன்றைய சென்னை மாகாணத்தில் முசுக்கொட்டை பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்த்த முக்கியப் பகுதி இதுதான். எல்லைக்கோடு மாறியதும் முசுக்கொட்டைத் தோட்டங்கள் மைசூர் மாநிலத்துக்குப் போயின. காஞ்சிபுரம், ஆரணித் தறிகள் சென்னை மாநிலத்தில் தங்கின.

இதனால் என்ன நஷ்டம்? நூல் விஷயத்தில் ஒன்றும் இல்லை. காஞ்சிபுரத்துக்காரர்கள் முன்பு எங்கே நூல் வாங்கினார்களோ அங்கேயே தொடர்ந்து வாங்கினார்கள். காஞ்சிப் பட்டுச் சேலை என்று உலகம் கொண்டாடும் பொருளில் பட்டுக்குப் பெரும்பாலும் கர்நாடகம்தான் பூர்வீகம், ஜரிகைக்கு சூரத். காஞ்சிபுரத்துக்குச் சொந்தம் கோர்வை போடும் கை மட்டுமே. கர்நாடகப் பட்டு உள்ளே நுழைந்து தமிழ்நாட்டைச் சீரழிக்கிறது என்று இதுவரை யாரும் ஊர்வலம் போனதில்லை. அதே நூல் சீனாவிலிருந்து வந்தால் மட்டும் ஊர்வலம் ஏன்? வர்த்தக ஆதரவாளர்கள் கேட்கும் கேள்வி இது. கேள்வி நியாயமானது. அவர்கள் நினைக்கும் அளவுக்குச் சுலபமானதல்ல.

கேள்விக்குப் பின்னால் இருப்பவர் டேவிட் ரிக்கார்டோ. லண்டன் பங்குச் சந்தையில் பணம் சேர்த்துவிட்டுப் பிறகு பொருளாதாரம் எழுத உட்கார்ந்தவர். (பொதுவாக இந்த வரிசை தலைகீழாகத்தான் இருக்கும், பணம் சேர்ப்பது மட்டும் நடக்காது.) 1817ல் வெளிவந்த தன் நூலில் அவர் ஒரு கணக்குப் போட்டார். ஒரு குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் ஓராண்டுக்கு 100 ஆள் வேண்டும், ஒரு குறிப்பிட்ட அளவு ஒயின் தயாரிக்க 120 ஆள். போர்ச்சுகலில் அதே துணிக்கு 90 ஆள் போதும், ஒயினுக்கு 80 ஆள் போதும். இரண்டிலுமே போர்ச்சுகல்தான் கெட்டி. அப்படியானால் போர்ச்சுகல் எதற்காக இங்கிலாந்திடம் எதையும் வாங்க வேண்டும்?

வாங்கினால் இருவருக்குமே லாபம் என்பதுதான் ரிக்கார்டோவின் பதில். ஒரு பங்கு துணிக்கு ஒரு பங்கு ஒயின் என்று மாற்றிக்கொண்டால், இங்கிலாந்து 100 ஆள் உழைப்பைக் கொடுத்து, தானே செய்தால் 120 ஆள் பிடிக்கும் ஒயினைப் பெறுகிறது. 20 ஆள் மிச்சம். போர்ச்சுகல் 80 ஆள் உழைப்பைக் கொடுத்து 90 ஆள் பிடிக்கும் துணியைப் பெறுகிறது. 10 ஆள் மிச்சம். யார் கெட்டிக்காரர் என்பது முக்கியமில்லை. யாருக்கு எதில் கெட்டிக்காரத்தனம் அதிகம் என்பதே முக்கியம். ஒப்பீட்டு அனுகூலம் என்று பாடப் புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

தறிப் பட்டறையில் இது தினமும் நடக்கிறது. கைதேர்ந்த நெசவாளர் ஒருவர் தார் சுற்றுவதிலும் உதவிக்கு இருக்கும் பையனைவிட வேகமானவராக இருக்கலாம், ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஆனால் நெய்வதில் அவர் பையனைவிட ஐந்து மடங்கு. அவர் எழுந்துபோய்த் தார் சுற்றினால் அந்த நேரத்துக்குத் தறி சும்மா நிற்கும். எனவே பையன் சுற்றுகிறான், அவர் நெய்கிறார். இருவருக்கும் கூலி கூடுகிறது. இதைப் புரியவைக்க எந்த நெசவாளருக்கும் ரிக்கார்டோ தேவைப்படவில்லை. ஆனால் படித்தவர்களுக்கு இது சுலபத்தில் பிடிபடுவதில்லை. சமூக அறிவியல்களில் உண்மையாகவும், அதே நேரத்தில் சாதாரணமாகப் புலப்படாததாகவும் இருக்கும் ஒரே ஒரு கருத்தைச் சொல்ல முடியுமா என்று கணித மேதை உலாம் ஒரு முறை பால் சாமுவேல்சனைச் சீண்டினார். நோபல் பரிசு பெற்ற அந்தப் பொருளாதார நிபுணருக்கு உடனே பதில் வரவில்லை. பல வருடங்கள் கழித்துத் தோன்றிய பதில்: ஒப்பீட்டு அனுகூலம்.

இப்போது கொள்ளேகாலுக்குத் திரும்பலாம். உலகில் அதிகமாகப் பட்டு விளைவிப்பது சீனா. இரண்டாவது இந்தியா. அதிகமாக உடுத்துவதில் இந்தியா முதலிடம். சீன நூல் வெள்ளைக் கூட்டிலிருந்து வருவது. பைவோல்டைன் எனப்படும் இந்த ரகக் கூட்டில் இழை நீளமாக, ஆயிரம் மீட்டர் வரை அறுபடாமல் ஓடும். பருமன் சீராக இருக்கும். விசைத்தறியின் வேகத்துக்குத் தாக்குப்பிடிக்கும். கர்நாடகத்தில் காலம் காலமாக வளர்ந்தது மஞ்சள் கூடு. வெயிலையும் நோயையும் தாங்கும் புழு. ஆனால் இழை குட்டை, அடிக்கடி அறுபடும். பழைய மைசூர் ரகத்தில் ஒரு கிலோ நூலுக்குப் 10 கிலோவுக்கு மேல் கூடு வேண்டும். நல்ல வெள்ளைக் கூட்டில் ஆறு, ஆறரை கிலோ போதும். கைத்தறியில் ஊடைக்கு மஞ்சள் கூட்டு நூல் அருமையாகப் பொருந்தும். பாவுக்கு வரும்போதுதான் நெசவாளர் சீன நூலைத் தேடுகிறார். பனாரஸ் தறிகள் பல வருடங்களாகச் சீன நூலை நம்பியே ஓடியிருக்கின்றன.

ரிக்கார்டோ இன்று கொள்ளேகால் வந்தால் சாலையோர வயல்களைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார். ஒரு காலத்தில் முசுக்கொட்டை நின்ற நிலங்கள் பலவற்றில் இப்போது மஞ்சளும் வாழையும் கரும்பும் நிற்கின்றன. மஞ்சள் கூடு போய் மஞ்சளே வந்துவிட்டது. இங்கே விளையும் மஞ்சள் திம்பம் மலை இறங்கி ஈரோடு சந்தைக்கும் போகிறது. உலகில் மஞ்சள் உற்பத்தியிலும் ஏற்றுமதியிலும் இந்தியாவுக்குப் போட்டி என்று சொல்லத்தக்க நாடு இல்லை. பட்டில் சீனா முந்துகிறது, மஞ்சளில் இந்தியா அசைக்க முடியாத இடத்தில் இருக்கிறது. மஞ்சளை விற்றுப் பட்டை வாங்கினால், நேராகப் புழு வளர்ப்பதைவிட அதிகப் பட்டு கிடைக்கும். அதாவது, மஞ்சள் போடும் விவசாயி மறைமுகமாகப் பட்டுத்தான் விளைவிக்கிறார். காகிதத்தில் இந்தக் கணக்கில் ஓட்டை இல்லை.

காகிதத்துக்கு வெளியே என்ன நடந்தது?

2010ல் உள்நாட்டில் கச்சாப் பட்டு விலை ஏறியது. நெசவாளர்கள் முறையிட்டார்கள். 2011 பட்ஜெட்டில் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி கச்சாப் பட்டின் அடிப்படைச் சுங்க வரியை 30 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 5 சதவீதமாகக் குறைத்தார். கர்நாடகத்தின் கூடு சந்தைகளில் விலை சரிந்தது. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் முசுக்கொட்டைச் செடியைப் பிடுங்கிவிட்டு மஞ்சள் போட ஒருவர் முடிவு செய்தார் என்று வைத்துக்கொள்வோம். முடிவில் தவறு காண முடியாது. 2010ன் இறுதியில் ஈரோட்டில் மஞ்சள் குவின்டால் 15,000 ரூபாயைத் தாண்டிப் போயிருந்தது. 2011 மே, ஜூனில் விதை மஞ்சள் ஊன்றுகிறார். ஒன்பது மாதம் காத்திருக்கிறார். 2012 தொடக்கத்தில் வெட்டி, வேகவைத்து, காயவைத்துச் சந்தைக்குக் கொண்டுபோகும்போது விலை 5,000 ரூபாய்க்குக் கீழே கிடக்கிறது. ஏனென்றால் அவரைப் போலவே மற்றவர்களும் முந்தைய வருட விலையைப் பார்த்து மஞ்சள் போட்டிருந்தார்கள். நாட்டுக்கு ஒப்பீட்டு அனுகூலம் இருந்தது. அவருக்குக் கடன் இருந்தது.

ரிக்கார்டோவின் கணக்கில் துணி நெய்பவர் மறுநாள் காலையில் திராட்சைத் தோட்டத்துக்கு நடந்து போய்விடுகிறார். வழியில் அவருக்கு வட்டி ஏறுவதில்லை. முசுக்கொட்டையோ ஒரு முறை நட்டால் பத்துப் பதினைந்து வருடம் தழை கொடுக்கும் செடி. புழு வளர்க்கத் தனி மனை கட்ட வேண்டும், தட்டு வேண்டும், சந்திரிகை வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூட மஞ்சளுக்குப் பயன்படுத்த முடியாது. பெண்களின் கைத்திறன் இன்னொரு முதலீடு; நாளுக்கு இத்தனை முறை தழை, எந்தத் தூக்கத்தில் புழு இருக்கிறது, எப்போது கூடு கட்டத் தயாராகிறது என்ற அறிவுக்கு வேறு வயலில் விலை இல்லை. தவிர, பட்டுக்கூடு காத்திருக்காத சரக்கு. அறுவடைக்குப் பின் சில நாட்களில் விற்றாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பூச்சி துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளைத்த கூட்டிலிருந்து நீள இழை எடுக்க முடியாது. விலை சரியில்லை என்று மூட்டையைத் திருப்பி எடுத்துப்போக நெல் விவசாயிக்கு இருக்கும் வசதி இவருக்கு இல்லை.

சீன நூலால்தான் கொள்ளேகால் முசுக்கொட்டை அழிந்தது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. வறட்சிக்குப் பங்கு உண்டு. ஆள் பற்றாக்குறைக்குப் பங்கு உண்டு. 1980ல் மேற்கு வங்கத்திலிருந்து வந்த கூடுகளோடு கர்நாடகத்துக்குள் நுழைந்த ஊஜி ஈக்கும் நிறையவே பங்கு உண்டு. அந்த ஈக்குச் சுங்க வரி போட யாராலும் முடியவில்லை.

வரி பற்றிய இந்தத் தகராறு புதிதல்ல. 1930களின் மந்தத்தில் சீனப் பட்டும் ஜப்பான் பட்டும் மலிவாக வந்து குவிந்தன. மைசூர், கொள்ளேகால், வங்காளம், காஷ்மீர் எங்கும் புழு வளர்ப்போர் திண்டாடினார்கள். வெள்ளையர் அரசு அமைத்த சுங்கத் தீர்வை வாரியம் விசாரித்தது. 1934ல் பாதுகாப்பு வரி வந்தது. பிறகு உலகப் போர். ஜப்பான் பட்டு நின்றது, பாராசூட்டுக்குப் பட்டு தேவைப்பட்டது, விலை பறந்தது. போர் முடிந்ததும் மீண்டும் பழைய புலம்பல். 2003ல் சீனப் பட்டுக்கு எதிராகக் குவிப்பு எதிர்ப்பு வரி. 2011ல் சுங்கம் 5 சதவீதம், 2013ல் 15 சதவீதம், பின்னர் 10, 2021ல் மறுபடியும் 15. வரியைக் குறைத்தால் ராமநகரத்தில் சாலை மறியல். ஏற்றினால் பனாரசிலும் காஞ்சிபுரத்திலும் முணுமுணுப்பு. தொண்ணூறு வருடமாக ஒரு குழந்தைக்கு நடைவண்டி கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று சுதந்திர வர்த்தகக்காரர்கள் கேலி செய்கிறார்கள்.

கேலி முழுக்கச் சரியல்ல. குழந்தை நடந்திருக்கிறது. இந்தியாவின் கச்சாப் பட்டு உற்பத்தி 2000-01ல் சுமார் 16,000 டன். 2023-24ல் சுமார் 39,000 டன். வடகிழக்கின் எரிப் பட்டும் இதில் கணிசம் என்றாலும், முசுக்கொட்டைப் பட்டும் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. 2000க்குப் பிந்தைய சில வருடங்களில் 8,000, 9,000 டன் வரை போன இறக்குமதி, 2020-21க்குப் பிறகு 4,000 டன்னுக்குள் அடங்கியது. ஆனால் இந்த நடைக்குக் காரணம் வரி மட்டும்தானா என்பதுதான் யோசிக்க வேண்டிய இடம்.

மைசூர் சீமைக்குப் பட்டுப்புழுவே இறக்குமதிச் சரக்கு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் வங்காளத்திலிருந்து புழுவும் முட்டையும் வரவழைத்தார். ஜாம்ஷெட்ஜி டாட்டா பெங்களூரில் பட்டுப் பண்ணை வைத்தபோது ஜப்பானிய நிபுணர்களைக் கூட்டிவந்தார். உள்ளூர்ப் புழுவையும் ஜப்பானியப் புழுவையும் கலந்த கலப்பினம்தான் கர்நாடகப் பட்டைத் தூக்கி நிறுத்தியது. 1991ல் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமும் மத்திய பட்டு வாரியமும் சேர்ந்து வெப்ப நாட்டுக்கு ஏற்ற பைவோல்டைன் ரகங்களை உருவாக்க இறங்கின. மைசூர் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகங்களும், வி-1 என்ற முசுக்கொட்டை வகையும் அந்தக் காலத்துப் பயன்கள். நூல் இறக்குமதி விவசாயியை உலுக்கியது. புழுவின் இறக்குமதியும் அறிவின் இறக்குமதியும் அவரைக் காப்பாற்றின. வர்த்தகம் என்றால் மூட்டை மட்டும்தான் கப்பலேறும் என்று நினைப்பதால் இந்தக் கணக்கு எப்போதும் விட்டுப்போகிறது.

ஜப்பான் ஏன் தன் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தது? தாராள மனசு ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம், அதற்கு இனி அது ரகசியமே இல்லை. 1872ல் தோமியோகாவில் அரசே நூற்பாலை கட்டித் தொடங்கிய ஜப்பான், 1930களில் உலகப் பட்டுச் சந்தையின் ராஜா. அமெரிக்கப் பெண்களின் காலுறையெல்லாம் ஜப்பான் பட்டு. அந்தப் பணத்தில் இயந்திரம் வாங்கியது, ஆலை கட்டியது. பிறகு நைலான் வந்தது, கூலி ஏறியது, கார் வந்தது. டொயோட்டா கம்பெனியின் வேரே ஒரு தறிப் பட்டறைதான்; தானியங்கித் தறியின் உரிமையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்ற பணம் கார் ஆராய்ச்சிக்குப் போனது. பட்டில் ஜப்பான் திறமை இழக்கவில்லை. காரில் அதைவிடத் திறமை பெற்றுவிட்டது. இன்று அங்கே பட்டு உற்பத்தி பெயருக்குத்தான். தோமியோகா நூற்பாலை 2014 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். சீனாவுக்குள்ளேயே இதே கதை. கூலி ஏறிய கிழக்குக் கடலோர மாகாணங்களை விட்டுப் புழு வளர்ப்பு மேற்கே, வெப்பமான குவாங்ஷிக்குப் போய்விட்டது.

காஞ்சிபுரத்திலும் அது தொடங்கிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 1998 முதல் ஹூண்டாய் கார் ஓடி வருகிறது. ஒரகடத்தில் 2010 முதல் நிசான். தறிக் குழியில் இறங்க மறுத்த நெசவாளர் பிள்ளைகள் கம்பெனிப் பேருந்தில் ஏறுகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை ரிக்கார்டோ சரியாகத்தான் சொன்னார்; நடந்துபோகும் தூரத்தில் இல்லாவிட்டாலும், பேருந்து போகும் தூரத்தில் வேறு வேலை இருந்தது. கொள்ளேகாலின் புழு மனையிலிருந்து அப்படி ஒரு பேருந்து கிளம்பவில்லை. மாற்று இருக்கும் இடத்தில் வர்த்தகம் வரம், இல்லாத இடத்தில் வெறும் விலை வீழ்ச்சி.

வர்த்தகத்தால் நாட்டுக்கு 100 ரூபாய் லாபமும் சிலருக்கு 60 ரூபாய் நஷ்டமும் என்றால், லாபம் பெற்றவர்கள் நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடுகட்டிய பிறகும் 40 ரூபாய் மிஞ்சும் என்பது பொருளாதாரப் பேராசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். மிஞ்சும் என்பது உண்மை. ஈடு யார் கொடுத்தார்கள்? இறக்குமதியால் வேலை இழப்பவர்களுக்கு உதவ அமெரிக்கா 1962ல் ஒரு திட்டமே கொண்டுவந்தது; 2022ல் அதையும் காலாவதியாக விட்டுவிட்டது. இந்தியாவில் அப்படியொரு திட்டமே இல்லை. வரி 30லிருந்து 5 ஆன அன்று, மூன்று நான்கு வருடத்தில் படிப்படியாகக் குறைத்திருக்கலாமே, முசுக்கொட்டையின் ஆயுளுக்காவது அவகாசம் கொடுத்திருக்கலாமே என்று டெல்லியில் யாருக்கும் தோன்றவில்லை. அதேபோல், வரியை ஏற்றும்போது கூடுதலாக வசூலாகும் பணத்தில் நல்ல நூற்பு இயந்திரம் கொடுத்தால் அடுத்த முறை வரியே தேவைப்படாமல் போகலாம் என்றும் தோன்றவில்லை. தண்ணீர் கொதிக்கும் தொட்டியில் கைவிட்டு இழை தேடும் நூற்புக்கூடங்கள் இன்றும் பல உண்டு. கூடு நன்றாக விளைந்தும் நூல் தரம் குறைய இதுவும் காரணம். விவசாயிக்கும் நெசவாளருக்கும் நடுவே இருக்கும் இந்த நூற்பாளரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கூடு விலை ஏறினாலும் இறக்குமதி நூல் விலை இறங்கினாலும் முதலில் மாட்டிக்கொள்பவர் அவர்தான்.

கர்நாடகத்தில் பட்டுக்கூட்டை அரசுச் சந்தையில்தான் விற்க வேண்டும் என்று 1959லிருந்து சட்டம். முன்பு கைதூக்கி ஏலம், இப்போது மின்னணு ஏலம். விவசாயி கூட்டைக் கொட்டிப் பரப்புகிறார். நூற்பாளர் குனிந்து ஒரு கைப்பிடி எடுத்துக் குலுக்கிப் பார்க்கிறார். உள்ளே கூட்டுப்புழு ஆடும் சத்தத்தில் கூட்டின் தரம் தெரியும். சீனாவில் அந்த வாரம் நூல் என்ன விலை, டெல்லியில் வரி என்ன என்பதெல்லாம் அந்தச் சத்தத்தில் தெரியாது. அவை கேட்கும் விலையில்தான் தெரியும். விலை பிடிக்காவிட்டால் விவசாயி இன்னொரு சுற்று ஏலத்துக்குக் காத்திருக்கலாம், ஓரிரு நாள் போனால் வேறு சந்தைக்குக் கொண்டுபோகலாம். அதற்குள் பூச்சி விழித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.